வேலி வளையும் இடம்

கரோடஃப்,
5 நவம்பர் 2023

மாமாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலம் என்று எழுதினால் எனக்குக் கோபம் வரும். இல்லை என்று எழுதினால் அதைவிடப் பெரிய கோபம் வரும். போனில் நான் கேட்டதற்கு, "அத மட்டும் கேக்காத கண்ணு" என்று சொல்லிப் பட்டென்று வைத்துவிட்டீர்கள். அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான். அதனால்தான் கடிதம். இதை நடுவில் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம். ஆனால் முழுவதும் படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இந்த ஊரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. விசா கைக்கு வந்து, பெட்டியும் கட்டி முடித்த பிறகு "நான் வல்ல, நீ மட்டும் போ" என்று சொன்னவருக்கு இந்த ஊர்மேல் என்ன அக்கறை இருக்கும்? இருந்தாலும் சொல்கிறேன். எனக்கும் சொல்ல ஆள் வேண்டுமே.

அயர்லாந்தில் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் டவுன்லேண்ட் என்கிறார்கள். பெயரில்தான் டவுன். ஒரு டீக்கடைகூடக் கிடையாது. நம் பக்கத்து வலசு என்று வைத்துக்கொள்ளுங்கள். கரோடஃப் என்றால் அவர்களுடைய பழைய மொழியில் கறுப்புக் கால்பங்கு. யாரோ எப்போதோ நாலாகப் பிரித்ததில் இது ஒரு பங்கு. கிழக்கே ஓர் ஓடை. அதைத் தாண்டினால் ஊர்ப்பெயர் மாறிவிடும். மேற்கே சதுப்பு. அந்தக் கறுப்பு மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து, நாம் வரட்டி எரிப்பதுபோல அடுப்பில் எரிக்கிறார்கள். சதுப்பில் இந்த வீட்டுக்கு இந்தப் பட்டை என்று பாத்தியதைகூட உண்டு. மற்றதெல்லாம் புல், மாடு, மழை. மழை என்றால் நம் ஊர் மழை இல்லை. பெய்கிறதா, விட்டுவிட்டதா என்று ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிப் பார்க்க வேண்டிய மழை.

இப்போது இங்கே ஐந்து வீடுகள்தான். அந்தக் காலத்தில் முப்பதுக்கு மேல் இருந்ததாம். உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போன பஞ்சத்தில் பாதிப் பேர் செத்தார்கள், மிஞ்சியவர்களில் பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். குத்தகை கொடுக்க முடியாதவர்களின் கூரையை நிலக்காரரின் ஆட்கள் இடித்துத் தள்ளினார்களாம். கூரையில்லாத சுவர்கள் இன்னும் நிற்கின்றன, அடுப்படியில் மரம் முளைத்திருக்கிறது. சாயங்கால வெயில் விழும்போது பார்த்தால் புல்லுக்கு அடியில் கிழங்கு நட்ட பாத்திகள் வரிவரியாகத் தெரியும். அவர்கள் கடைசியாகப் போட்ட பாத்திகள்.

பக்கத்து வீட்டுக்காரி ப்ரீடா. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் அவள்தான் சமையல். அவள் காரில்தான் போய் வருகிறேன். இங்கே வேலியெல்லாம் சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர். அதில் ஒரு சுவர், நேராகப் போய்க்கொண்டே இருந்து, ஓடைக்குப் பக்கத்தில் வயிறு தள்ளினாற்போல வளைந்துவிட்டு மறுபடி நேராகப் போகிறது. ஏன் இப்படி என்று நேற்றுக் கேட்டேன். ப்ரீடா காரை நிறுத்திவிட்டாள். அது கில்லீன் என்றாள்.

ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்னால் செத்த பிள்ளைகளை மாதாகோயில் கல்லறையில் புதைக்க விடமாட்டார்களாம், அவள் பிறந்த காலம் வரைக்கும்கூட. பெற்ற தகப்பன், பொழுது சாய்ந்ததும் யார் கண்ணிலும் படாமல் எடுத்துக்கொண்டு போய், இரண்டு ஊருக்கும் நடுவே எல்லையில் வைத்துவிட்டு, மேலே ஒரு கல்லைப் போட்டுவிட்டு வந்துவிடுவானாம். வளைவுக்குள்ளே போய்ப் பார்த்தேன். சின்னச் சின்னக் கற்கள். எதிலும் ஓர் எழுத்து இல்லை. சுவர் கட்ட வந்தவன் அந்த இடத்தை மிதிக்க மனமில்லாமல் சுற்றிக் கட்டியிருக்கிறான்.

மறுபடி ஐப்பசி வந்துவிட்டது மாமா. நம் மகள் போய் மூன்று வருஷம். நான் அவள் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். பிறகு நீங்கள் வாங்கிக்கொண்டு போனீர்கள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தபோது உங்கள் செருப்பில் செம்மண் ஒட்டியிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம் அது. நம் ஊர் குண்டடம் முழுக்கச் செம்மண்தான்.

அவளை எங்கே வைத்தீர்கள்?

மைதிலி


வேலம்பாளையம்,
3 டிசம்பர் 2023

மைதிலி,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பனியன் கம்பெனியில் வைத்துப் படித்தேன். கட்டிங் மாஸ்டர் இசக்கிமுத்து எட்டிப் பார்த்து, "யண்ணே, இந்தக் காலத்துலயும் கடுதாசி வருதா ஒங்களுக்கு? பொண்டாட்டியா, இல்ல வேற ஆளா?" என்று கேட்டான். பொண்டாட்டிதான் என்றேன். "அப்ப சண்டதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். திருநெல்வேலிக்காரனுக்கு எல்லாம் தெரிகிறது.

வேலை மும்முரம். குழந்தைத் துணி ஆர்டர் ஓடுகிறது. நியூபார்ன் சைஸ் டேபிளுக்கு வந்தால் மட்டும் பீகார் பையனைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் நிட்டிங் பக்கம் போய்விடுகிறேன். மற்றபடி ஒன்றும் குறைவில்லை.

உன் கறுப்புக் கால்பங்கைப் பற்றி எழுதியிருந்தாய். ஏன், அதற்கு மட்டும்தான் வரலாறா? உன் புகுந்த ஊட்டுத் தெக்காலக் கொறங்காட்டுக்கு இல்லையா? உங்கள் ஊரில் உருளைக்கிழங்கு அழுகியதென்றால் இங்கே தாது வருஷப் பஞ்சம். சனங்கள் கிழங்கையும் கற்றாழைக் குருத்தையும் வேகவைத்துத் தின்ற காலம். அதற்குப் பிறகுதான் எங்கள் அப்பாருக்கு அப்பாரு இங்கே வந்தாராம். மழையை நம்பி வெள்ளாமை வைத்துத் தோற்றுப்போய், "இந்த மண்ணு மனுசனுக்குச் சோறு போடாது, ஆட்டுக்காச்சும் போடட்டும்" என்று கொழுக்கட்டைப் புல்லை விதைத்து மேய்ச்சலுக்குக் கொறங்காடாக விட்டார். நடுவில் வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே போக ஒரு படல். பாசன வாய்க்கால் நம் காட்டுக்கு எட்டாமல் பக்கத்திலேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் மழைதான். இப்போது மேற்கே காற்றாடிகள் சுற்றுகின்றன. ஆடுகள் முதலில் மிரண்டன, இப்போது அதன் நிழலுக்குத் தக்கபடி நகர்ந்து மேய்கின்றன.

வடகிழக்கு மூலையில் அந்தப் பெரிய வறட்சியில் வேலி பட்டுப்போனது உனக்கு நினைவிருக்கும். அதுவழியாகத் தெருநாய்கள் புகுந்து, பக்கத்துக் காட்டு அய்யாசாமி பெரியப்பாவின் ஆடுகள் ஆறு போய்விட்டன. அவர் கல் ஊன்றிக் கம்பிவேலி போடப் போவதாகச் சொல்கிறார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அன்றைக்கு அம்மா என்ன சொன்னாள் என்று உனக்குத் தெரியாது. "பச்ச மண்ணுடா அது. எரிக்கக் கூடாது, பொதைக்கோணும். பெத்தவ தடம் அங்க படக்கூடாது, பட்டா வவுறு தங்காது. அடுத்தது அவ மடிக்கு வாற வரைக்கும் வாயத் தொறக்காத" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். ஒரு கல்கூட வைக்கக் கூடாது என்றாள். நானும் சரி என்றேன். அந்த நேரத்தில் எனக்கு யார் என்ன சொன்னாலும் சரி என்றிருப்பேன்.

அதனால் அதைக் கேட்காதே கண்ணு. குளிருக்குக் காலுறை போட்டுக்கொள்.

பிரபாகர்


கரோடஃப்,
7 ஜனவரி 2024

மாமாவுக்கு,

அடுத்தது என் மடிக்கு வரும் வரைக்குமா? நல்ல சத்தியம். நீங்கள் வேலம்பாளையத்து லைன் வீட்டில், நான் கரோடஃப்பில். நடுவே இத்தனை கடல். அத்தையிடம் கேளுங்கள், அது எப்படி வரும் என்று. தபாலில் வருமா?

சிரிப்பு வந்துவிட்டது, அதனால் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

இங்கே காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல உறைந்து கிடக்கிறது. நேற்று லீவு. ப்ரீடாவும் நானும் கில்லீனுக்கு நடந்து போனோம். அவளுக்கு அண்ணன் ஒருவன் அங்கே இருக்கிறான். பிறந்து மூச்சு விடாதவன். அவள் அப்பாதான் கொண்டுபோய் வைத்தார். எந்தக் கல் என்று அவள் அம்மாவுக்குச் சொல்லவே இல்லை. உங்களைப்போலவே நல்ல மனிதராம். மனைவி மனம் கஷ்டப்படக் கூடாது என்று நினைத்தாராம்.

அந்த அம்மா என்ன செய்தாள் தெரியுமா? வசந்தம் வந்ததும் மாட்டை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போவாள். வேலி ஓரத்தில் பூத்திருக்கும் மஞ்சள் பூவைப் பறித்து, எல்லாக் கல்மேலும் ஒவ்வொன்று வைப்பாள். எது தன்னுடையது என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும். சாகிற வருஷம் வரைக்கும் வைத்தாள். அவர் அதற்கு முன்னாலேயே போய்விட்டார், சொல்லாமலே.

ப்ரீடா இதைச் சொல்லும்போது அழவில்லை. நான்தான் அழுதேன். அந்த அம்மாவுக்காக இல்லை. எல்லாக் கல்லிலும் பூ வைக்கவாவது அவளுக்குக் கற்கள் இருந்தன. எனக்கு என்ன இருக்கிறது?

நர்ஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு குண்டடத்தில் நான் ஆடு மேய்த்த நாட்களை நினைத்துப் பாருங்கள். "ஏன் இவ எப்பப் பாத்தாலும் வேலியோரமாவே நடக்குறா, காடு பூரா புல்லுக் கெடக்குது" என்று அத்தை திட்டுவாள். நான் ஏன் அப்படி நடந்தேன் என்று நீங்கள்கூடக் கேட்டதில்லை. நடுக்காட்டில் கால் வைக்கப் பயம் மாமா. எந்த இடத்தில் மிதித்துவிடுவேனோ என்று. காடு முழுக்க அவளாகவே இருந்தாள். அதனால் வேலியை ஒட்டி, கிளுவை முள் கையைக் கீறக் கீற, சுற்றிச் சுற்றி நடந்தேன். அப்படித்தான் அந்த ஊரில் இரண்டு வருஷம் இருந்தேன். அதைவிட்டு ஓடி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது ஒரு விஷயம். மார்ச் கடைசிக்குள் இங்கே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டால் இன்னும் சில வருஷங்களுக்கு நான் இங்கேதான். எனக்கு உங்களிடம் வர ஆசை இருக்கிறது. ஒளித்து என்ன ஆகப்போகிறது, நிறைய இருக்கிறது. பாத்திரம் கழுவும்போது பின்னால் நீங்கள் நிற்பதாக நினைத்துப் பேசிவிடுகிறேன். ஆனால் எங்கே கால் வைப்பது என்று தெரியாத ஊருக்கு மறுபடி வர என்னால் முடியாது. நீங்கள் சொன்னால் வருவேன். சொல்லாவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

மைதிலி


குண்டடம்,
11 பிப்ரவரி 2024

மைதிலி,

உன் கடிதத்தை இந்த முறை கம்பெனியில் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே கொண்டுவந்து, கிணற்று மேட்டில் உட்கார்ந்து படித்தேன். நீ வேலியோரமாக நடந்ததற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. முள் கீறின கைக்கு மஞ்சள் வைத்துவிட்டது மட்டும் நினைவிருக்கிறது.

இங்கே வேறொரு தகராறு. எழுதாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் எழுத வேண்டியிருக்கிறது.

அய்யாசாமி பெரியப்பா கல் ஊன்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார். பழைய எல்லைக்கல் எங்கேயோ புதைந்துவிட்டது, கண்ணில் படவில்லை. வடகிழக்கு மூலையில் ஒரே ஒரு கிளுவை தனியாக நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு, பட்டுப்போன வேலியில் தப்பித்த ஒன்று இதுதான், அதனால் இதுதான் எல்லை என்று நினைத்து, அதையே ஒரு தூணாக வைத்து, அதற்கு நேராக நூல் பிடித்துவிட்டார். நீளத்துக்கும் ஒரு முழம் நம் காட்டுக்குள் வந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. நம் பக்கத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அவரே கேட்டார்: "ஏம்ப்பா பிரபாகரு, ஒத்தைக் கிளுவைய எவனாச்சும் சும்மா நடுவானா? வேலிக்குத்தான நடுவாங்க? இது உங்க அப்பாரு காலத்து எல்லைடா."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. ஒரு முழம் மண்ணுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. "நீ ஏண்டா வாயில கொழுக்கட்டைய வெச்சுட்டு நிக்கற? அது பழைய வேலி இல்லைன்னு சொல்லு. வறட்சியில அந்தப் பக்கம் ஒரு குச்சி தப்புல, என்ற கண்ணாலயே பாத்தேன். அப்பறம் இதைய யாரு நட்டது?" என்று கேட்கிறாள். நான் படலைத் திறந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். ஊரில் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்றால், பெண்டாட்டி வெளிநாடு போனதிலிருந்து பையனுக்குப் புத்தி ஒரு மாதிரி ஆகிவிட்டது என்று. இருக்கட்டும்.

அம்மா சர்வேயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டாள். அடுத்த மாதம் வந்து அளப்பார்கள். மண் போனால் போகட்டும் என்றுதான் எனக்கு இருக்கிறது. வேலி எந்தப் பக்கம் வந்தாலும் சரி. அந்தக் கிளுவை மட்டும் அங்கே நிற்க வேண்டும்.

அதை நட்டவன் நான்தான். ஐப்பசியில் நட்டேன். முழங்கைக் கனத்தில் ஒரு கம்பு. மழைக்காலம் என்பதால் பிடித்துக்கொண்டது. இதற்குமேல் என்னால் எழுத முடியாது. சத்தியம் செய்திருக்கிறேன்.

பிரபாகர்


கரோடஃப்,
3 மார்ச் 2024

மாமா,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. அலமாரியில் வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும் முன்னால் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை எடுத்துப் படிக்கிறேன்.

நம் மகள் அந்தக் கிளுவைக்கு அடியில் இருக்கிறாள். நீங்கள் சொல்லவில்லை. சத்தியத்தை மீறவில்லை. நானாகத் தெரிந்துகொண்டேன் என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

அந்த மரம் எனக்குத் தெரியும். வேலியோரமாகச் சுற்றி வரும்போது வேலி இல்லாத அந்த மூலை வந்ததும் கொஞ்சம் நிற்பேன். அங்கே பிடிக்க ஒரு கம்பு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவேன். எங்கேயும் மிதித்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து நடந்தவள், தினமும் போய் அவள் தலைமாட்டில் நின்றிருக்கிறேன். இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

ப்ரீடாவிடம் சொன்னேன். உங்கள் ஊரில் கல்லுக்குப் பதிலாகக் குச்சி நடுவார்களா என்றாள். எங்கள் ஊரில் எதுவுமே வைக்க மாட்டார்கள், இவர் மட்டும் வைத்திருக்கிறார் என்றேன். அவள் வீட்டு வாசல் வரை ஓட்டி வந்து காரை நிறுத்தினாள். பிறகு, "உன் புருஷனை எனக்குப் பிடித்திருக்கிறது" என்றாள். எனக்கும்தான் பிடித்திருக்கிறது. அதுதான் சங்கடம்.

சர்வேயர் வரப் போகிறாரே என்று எனக்கு இங்கே நிலைகொள்ளவில்லை. இந்த ஊர்ச் சுவர் வளையும் இடத்தில் போய் நின்று பார்த்தேன். இதைக் கட்டியவன் பெயர் யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கு மட்டும் அந்தப் பிள்ளைகள் என்ன உறவு? நம் ஊரில் அப்படி ஒருவர் இருக்க மாட்டாரா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒப்பந்தத் தாள் மேசைமேல் இருக்கிறது. இன்னும் தொடவில்லை. நீங்கள் வேறெதுவும் சொல்ல வேண்டாம். ஒன்றே ஒன்று எழுதுங்கள். இப்போது அந்தக் கிளுவையில் இலை இருக்கிறதா?

மைதிலி


குண்டடம்,
17 மார்ச் 2024

மைதிலி கண்ணு,

இலை இல்லை. பங்குனியில் எந்தக் கிளுவையில் இலை இருக்கும்? வெறும் குச்சியும் முள்ளுமாக, செத்ததுபோலத்தான் நிற்கும். ஆனால் சாகவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை. ஒரு மழை விழுந்தால் போதும்.

சர்வேயர் போன வாரம் வந்துவிட்டார். சங்கிலி பிடித்து அளந்ததில் பழைய எல்லைக்கல்லே கிடைத்துவிட்டது. கிளுவைக்கு ஒரு முழம் தள்ளி, பெரியப்பா பக்கத்தில். அம்மா சொன்னதுதான் சரி. பெரியப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. அடுத்தவன் மண்ணில் வேலி போட்டுவிட்டேனே என்று அத்தனை பேர் முன்னால் அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். நல்ல மனிதர். ஆனால் அதோடு நிற்கவில்லை.

வேலி ஆட்களிடமிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டு நேராகக் கிளுவைக்கு வந்தார். "இந்த மூதிதான என்னைய ஏமாத்துச்சு. இதைய நிக்க உட்டா, எனக்குப் பொறவு எம் பையனும் இதுதான் எல்லைம்பான். பொறவு உங்கூட வம்புக்கு நிப்பான். வேரோட புடுங்கிப் போட்டர்றேன்" என்று தூரில் கடப்பாரையை வைத்தார்.

நான் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. கடப்பாரையைப் பிடித்துக்கொண்டேன்.

"பெரீப்பா, வேண்டாமுங்க."

"ஏஞ்சாமி? உனக்கு நல்லதுக்குத்தான் புடுங்கறேன்."

"அது வேலி இல்லீங்க."

"வேலி இல்லாம? கிளுவைய வேற எதுக்குடா நடுவாங்க?"

"அதுக்கடியில எம் புள்ள இருக்குதுங்க."

சர்வேயர் இருந்தார், வேலி ஆட்கள் இருந்தார்கள், ஆடுகளுக்குப் பக்கத்தில் அம்மா நின்றாள். எல்லோருக்கும் கேட்டது. பெரியப்பா கடப்பாரையைக் கீழே போடவில்லை. சத்தம் வராமல் படுக்க வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்புறம் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் வேலி ஆட்களோடு வந்தார். எல்லைக்கல் கிளுவைக்கு ஒரு முழத்தில் இருக்கிறது, அங்கே குழி போட்டால் அவள்மேல் படும். அதனால் அந்த இடத்தில் மட்டும் தன் நிலத்துக்குள் ஆறடி உள்வாங்கி, அரைவட்டமாகக் கல் ஊன்றச் சொன்னார். "அண்ணா, நேரா போட்டாத்தானுங்க கம்பி நிக்கும்" என்றான் வேலிக்காரன். "நிக்காட்டிப் போவுது. சுத்திப் போடு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. உன் ஊர்ச் சுவரைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை மைதிலி. அவராகச் செய்தார். இப்போது நம் காட்டு வேலி நேராக இல்லை.

அம்மா அன்றைக்கு என்னிடம் பேசவே இல்லை. சத்தியத்தை ஊருக்கு முன்னால் உடைத்துவிட்டேனே என்று நானும் பக்கத்தில் போகவில்லை. மறுநாள் பால் கறந்ததும் ஒரு சொம்பு பாலை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். காலிச் சொம்போடு வந்தாள். "நானும் தெரியாமத்தாண்டா அதைய மிதிச்சிருப்பேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அவளுக்கு எழுதிப் போடு. முழுசா எழுது" என்றாள்.

முழுசாக எழுதுகிறேன். அன்றைக்குக் கம்பெனியிலிருந்து வெள்ளை இன்டர்லாக் பனியன் துணி வாங்கி வந்திருந்தேன். கழுவி வைத்த துணி, உறுத்தாது. அதில் சுற்றினேன். கிழக்கே தலை. மேலே அடையாளம் எதுவும் வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவன், மழையில் இந்த இடம் எனக்கே தெரியாமல் போய்விடுமோ என்று பயந்துபோனேன். நம் வேலியில் ஒரு கம்பை வெட்டி ஊன்றினேன். வேலி இல்லாத மூலைதானே, யார் கேட்டாலும் வேலி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதுவே பெரியப்பாவுக்கும் வேலியாகிவிட்டது. முதல் கோடையில் வாராவாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். கிளுவைக்கு யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா? அப்போதே ஊர் சிரித்தது.

நீ அங்கே அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றதை ஒருநாள் கிணற்று மேட்டிலிருந்து பார்த்தேன். கத்த வேண்டும்போல இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

விமானத்துக்குப் பெட்டி கட்டிவிட்டு வராமல் போனதற்கு அம்மாதான் காரணம் என்று நீ நினைத்தாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன். காரணம் இதுதான். நானும் வந்துவிட்டால் அந்த இடம் தெரிந்த ஆள் இந்த மண்ணில் ஒருவரும் இல்லை. அவளை அப்படி விட்டுவிட்டு வர என்னால் முடியவில்லை. உன்னை விட்டு இருக்கவும் முடியவில்லை. இப்போது ஊருக்கே தெரியும். வேலியே சொல்லும்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். இதைச் சீக்கிரம் சேரும்படி கூரியரில் போடுகிறேன்.

பிரபாகர்


கரோடஃப்,
12 மே 2024

மாமாவுக்கு,

போனில் அழுதோமே தவிர ஒன்றும் பேசவில்லை. அதனால் பேச வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

ஒப்பந்தத் தாளைக் கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் இடத்துக்கு ஆள் கிடைக்கும் வரை, செப்டம்பர் கடைசி வரைக்கும் இருக்கச் சொன்னார்கள். சரி என்றேன். ஐப்பசி பிறக்கும்போது அங்கே இருப்பேன். அதற்குப் பிறகு கரோடஃப்பா, குண்டடமா, வேலம்பாளையமா என்பதை நாம் இருவரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முடிவு செய்யலாம். நீங்கள் அங்கே, நான் இங்கே என்பது மட்டும் இனி வேண்டாம். எனக்கு ஆகாது.

இங்கே வேலியோரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ப்ரீடா அவள் அம்மா செய்ததுபோல கில்லீனில் எல்லாக் கல்லுக்கும் பூ வைத்தாள். நானும் கூட வைத்தேன். பிறகு ஓடையில் இறங்கி, ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து வந்து, உன் மகளுக்குக் கொண்டு போ என்று நீட்டினாள். வாங்கிப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டேன். வேண்டாம், எங்கள் மகளுடையது இலை விடும் என்றேன். அவளுக்குப் புரிந்தது.

அய்யாசாமி பெரியப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். கடலுக்கு இந்தப் பக்கம் பெயர் தெரியாத ஒருவன் அவரைப்போலவே வேலியை வளைத்திருக்கிறான் என்று. நம்ப மாட்டார். நான் வந்து சொல்கிறேன்.

அத்தையிடமும் ஒன்று. எனக்காகக் காத்திருக்க வேண்டாம், பால் ஊற்றத் தோன்றினால் ஊற்றட்டும்.

நீங்கள் கோயமுத்தூருக்கு வந்து ஏர்போர்ட்டில் நிற்க வேண்டாம். நானே பஸ் பிடித்து வந்துவிடுவேன். கிளுவைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். படலை மட்டும் திறந்து வையுங்கள். அங்கே கையைக் கீறிக்கொண்டு எத்தனையோ தடவை வேலியோரமாகச் சுற்றிவிட்டேன். இந்த முறை நடுக்காட்டில் நடந்து வருவேன்.

மைதிலி